மலையகத்தில் பல் சிகிச்சைத் தொழிலும் கொவிட் பெருந்தொற்றும்: மூடியிருந்த காலத்தை விடத் திறந்த பிறகு வந்த இழப்பே பெரிது

ஹட்டன் பல் வைத்தியர் (இழையைத் தொடங்கியவர்)

2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தபோது தனியார் பல் சிகிச்சை நிலையங்களும் கதவடைத்தன. அந்த வாரங்களில் இழந்த வருமானத்தைப் பற்றி நம்மில் பலர் பேசியாயிற்று. அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி எவரும் கணக்கெடுத்துப் பேசவில்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். மூடியிருந்தபோது போன வருமானம் ஒருமுறை போனது, அவ்வளவுதான். திறந்த பிறகோ, ஒரு நோயாளிக்கு ஆகும் செலவு கூடியது. ஒரு நாளில் பார்க்கக்கூடியவர்களின் தொகை குறைந்தது. வருகிறவர்களும் வலி தாங்க முடியாமல் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்களாகவே மாறிப்போனார்கள். மலையக நகரங்களில் இத்தொழிலின் அடித்தளத்தை அசைத்தவை இந்த மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்ததுதான் என்பது என் உறுதியான கருத்து.

தொழிலின் கணக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். பல் பிடுங்குவதற்கு வாங்கும் பணத்தில் எந்த நிலையமும் ஓடுவதில்லை. வாடகை, உதவியாளரின் சம்பளம், நோயாளி சாயும் கதிரைக்கும் கருவிகளைக் காற்றழுத்தத்தால் சுழற்றும் கொம்ப்ரசருக்கும் கட்டும் லீசிங் தவணை ஆகியவற்றைத் தாங்கிப் பிடிப்பவை பல் அடைத்தல், வேர்ச் சிகிச்சை, பல் செட், மாதாமாதம் வந்து இறுக்கிக்கொள்ளும் பல் கம்பி ஆகியவைதான். இவை எல்லாம் தள்ளிப்போடக்கூடியவை என்பதுதான் எங்கள் தொழிலின் பலவீனம். காய்ச்சலைத் தள்ளிப்போட முடியாது. சொத்தை விழுந்த பல்லை, அது வலிக்கத் தொடங்கும் வரை, ஒரு வருடமும் தள்ளிப்போடலாம்.

இதற்கு மேல் தொற்றின் தன்மையே எங்களுக்கு எதிராக அமைந்தது. பல்லைக் குடையும் கருவி நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் தடவை சுழல்கிறது. அதைக் குளிரவைக்கத் தெளிக்கும் நீர், உமிழ்நீருடன் கலந்து நுண்துளிகளாகக் காற்றில் பரவுகிறது. ஊத்தை அகற்றும் கருவியிலும் அப்படித்தான். சமூகப் பரவல் உள்ள இடங்களில் அவசரமற்ற பல் சிகிச்சைகளைப் பிற்போடுமாறு உலக சுகாதார நிறுவனம் 2020 ஓகஸ்ட் 3 ஆம் திகதி அறிவுறுத்தியதும் இதனாலேயே. ஒரு நோயாளி எழுந்து போன பின் அறையின் காற்று மாறும்வரை அடுத்தவரை அழைக்கக் கூடாது என்பது நடைமுறையானது. சமவெளி ஊர்களில் யன்னலைத் திறந்துவிட்டுக் காத்திருந்திருப்பார்கள். இங்கே யூன், யூலை மழையில் யன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து கதிரையை நனைத்துவிடும். சாய்ந்திருக்கும் வயோதிபர் நடுங்குவார். நடுங்குகிற வாயில் ஊசி போடுவது எவ்வளவு கடினம் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காத்திருப்பு நேரத்துக்கு எவரும் பணம் தருவதில்லை, வாடகையோ அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

தொழிலின் வெவ்வேறு பக்கங்களில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதினால் பயனுள்ளதாக இருக்கும்.

தலவாக்கலை ஆசிரியை

டொக்டர், நீங்கள் எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும் கதிரையில் சாய்ந்திருப்பவரின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் அப்போது 700 ரூபா. ஊரடங்கு நாட்களிலும் மலையில் கொழுந்து எடுத்தார்கள், உண்மை. ஆனால் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த பிள்ளைகள் வேலையிழந்து லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, திரும்பியதால், நகரத்திலிருந்து வந்துகொண்டிருந்த காசு நின்றுபோனது. 2021 மார்ச் 5 ஆம் திகதி முதல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கொழுந்தின் நிறையைக் கூட்டினார்கள், வேலை நாட்களைக் குறைத்தார்கள். ஆகவே சம்பளம் உயர்ந்ததாகச் செய்தியில் வந்த அளவுக்குக் கையில் வந்து சேரவில்லை.

இந்த நிலையில்தான் என் தாயாரை ஒரு நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். அது எந்த ஊர் என்பது வேண்டாம். ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதற்கான கட்டணத்துக்குக் கீழே 'பாதுகாப்புச் செலவு' என்று இன்னொரு தொகை எழுதியிருந்தது. அது பல் பிடுங்கிய கூலிக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது. எங்கள் லயத்தில் அதற்குப் பிறகு எவரும் பல் வலிக்காக நகரத்துக்கு இறங்கவில்லை. கராம்பு எண்ணெயும் பாமசியில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும்தான் மருத்துவம். வைத்தியர்கள் நட்டப்பட்டார்கள் என்பதை நம்புகிறேன். அந்த நட்டத்தை இறுதியில் யாருடைய தோளில் இறக்கி வைத்தார்கள் என்பதையும் இந்த இழை பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஹட்டன் பல் வைத்தியர்

டீச்சர், நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான பதிலும் கணக்கிலேயே இருக்கிறது.

கையுறை, முகக்கவசம், மேலங்கி, முகத்திரை ஆகியவை ஒரு நோயாளிக்கு ஒரு தொகுதி. ஒரு பல்லைப் பத்து நிமிடத்தில் பிடுங்கினாலும், ஒரு மணிநேரம் இருந்து வேர்ச் சிகிச்சை செய்தாலும், தொகுதியின் விலை ஏறத்தாழ ஒன்றுதான். உலகின் இரப்பர்க் கையுறைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அப்போது மலேசியாவிலிருந்து வந்தது; 2020 இல் உலகம் முழுவதும் அதே பெட்டிக்குப் போட்டி போட்டபோது விலை பல மடங்கானது. பெரிய வைத்தியசாலைகள் மொத்தமாக வாங்கிக்கொண்டன. எங்களைப் போன்ற ஒற்றைக் கதிரை நிலையங்கள் கண்டியில் முகவர் சொன்ன விலைக்கு, அவர் கொடுத்த எண்ணிக்கையில், கைக்காசு கொடுத்து வாங்கினோம். பொருளை வாங்கி ஒரு மாதம் கழித்துப் பணம் கட்ட முன்னர் இருந்த அவகாசமும் நின்றுவிட்டது. இதன் விளைவு என்னவென்றால், விலை கூடிய சிகிச்சையில் அந்தச் செலவு கரைந்துவிடும், விலை குறைந்த சிகிச்சையில் அப்படியே துருத்திக்கொண்டு நிற்கும். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது விலை குறைந்த சிகிச்சையைத்தான். ஆகவே எவரும் திட்டமிடாமலேயே சுமையின் பெரும்பங்கு இல்லாதவர்கள் மேல் விழுந்தது. உங்கள் தாயாரின் சிட்டையில் நீங்கள் கண்டது அதுதான். அதை வேர்ச் சிகிச்சைக் கட்டணங்களின் மேல் பிரித்துப் போட்டிருக்கலாம் என்று கேட்பீர்கள். அந்த மாதங்களில் பிரித்துப் போடுவதற்கு வேர்ச் சிகிச்சைக்கென்று எவரும் வரவே இல்லை.

நாவலப்பிட்டி உதவியாளர்

வைத்தியரின் கணக்கில் உதவியாளரின் சம்பளம் ஒரு செலவு வரியாக வந்து போகிறது. அந்த வரியில் இருந்தவள் நான் என்பதால் எழுதுகிறேன்.

வேலைக்கு வர முடியாத ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடியதோ அதைக் கொடுக்க வேண்டும் என்று 2020 இல் முதலாளிமார், தொழிற்சங்கங்கள், அரசு ஆகிய முத்தரப்பும் இணங்கின. எங்களைப் போன்ற சிறிய இடங்களில் வேலை செய்த பெண்களில் பலருக்கு நியமனக் கடிதமோ ஊழியர் சேமலாப நிதியோ கிடையாது. அந்த இணக்கப்பாடு இருந்ததே எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. நான் வேலை செய்த நிலையத்தில் முதல் மாதம் முழுச் சம்பளம் தந்தார்கள், அடுத்த மாதம் பாதி, அதன் பின் 'கூப்பிடும்போது வாருங்கள்' என்றார்கள். மீண்டும் திறந்தபோது வேலை முன்னரைவிடக் கூடியிருந்தது. ஒவ்வொருவர் போன பின்பும் கதிரை, விளக்கின் கைபிடி, துப்பும் தொட்டி, தட்டு, தாழ்ப்பாள் என்று எல்லாவற்றையும் மருந்து தொட்டுத் துடைத்து, மேலங்கியைக் கழற்றிக் கட்டி, அடுத்தவருக்குப் புதிதாக விரிக்க வேண்டும். வைத்தியர் காத்திருப்பு நேரம் என்று சொல்லும் நேரம் முழுவதும் நாங்கள் துடைத்துக்கொண்டிருந்த நேரம். அதற்கென்று மேலதிகமாக ஒரு சதம் எவருக்கும் வரவில்லை. எங்களுடன் இருந்த இரு பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். பழகிய கைகள் போனதால் வைத்தியரும் கஷ்டப்பட்டார். இதையும் இழப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்பளை பல் தொழில்நுட்பவியலாளர்

நான் பல் செட் செய்யும் ஒரு சிறிய லேப் நடத்துகிறேன். வைத்தியர்கள் வாயில் எடுத்த அச்சை பஸ்ஸிலோ கூரியரிலோ அனுப்புவார்கள். நாங்கள் சாந்து வார்த்து, மெழுகில் பல் நிறுத்தித் திருப்பி அனுப்புவோம். நோயாளி வாயில் போட்டுப் பார்த்துச் சரியென்றால் முடித்துக் கொடுப்போம். 2020 மார்ச்சில் பஸ் நின்றபோது மெழுகுக் கட்டத்தில் இருந்தவை அப்படியே என் ராக்கையில் தங்கிவிட்டன. ஒவ்வொரு சாந்து அச்சின் அடியிலும் பென்சிலால் ஆளின் பெயரும் ஊரும் எழுதியிருக்கும்: பொகவந்தலாவ, மஸ்கெலியா, புசல்லாவ. மெழுகு நாளாக ஆக மெதுவாக வளைந்து பல் வரிசை சரிந்துவிடும். அவற்றில் பலவற்றுக்கு உரியவர்கள் திரும்பி வரவே இல்லை. மூலப்பொருளின் விலை என்னுடைய நட்டமானது.

திறந்த பிறகும் வேலை வராததற்கு ஒரு காரணத்தை எவரும் எழுதவில்லை. முன்பல் இல்லாதவர் ஏன் பல் செட் கட்டுகிறார்? சிரிக்க, பேச, கல்யாணத்தில் நாலு பேர் முன் நிற்க. முகக்கவசம் கட்டாயமானதும் முன்பல் இல்லாதது வெளியே தெரியவில்லை. கல்யாணங்களில் ஆட்களின் எண்ணிக்கையை மட்டுப்படுத்தினார்கள், திருவிழாக்கள் நின்றன. கட்டிக்கொள்ள வேண்டும் என்ற அவசரமே போய்விட்டது. அந்தக் காசு அரிசிக்கும் பிள்ளையின் இணையவழிப் படிப்புக்கான கைபேசிக்கும் போயிற்று. அதைக் குறைசொல்ல என்னால் முடியாது.

பணம் கை மாறும் வரிசையில் நாங்கள் கடைசி ஆட்கள். நோயாளி கொடுத்தால் வைத்தியர் கொடுப்பார், வைத்தியர் கொடுத்தால் எங்களுக்கு வரும். முன்னால் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மாதம் பிந்தினால் எங்களுக்கு இரண்டு மாதம் பிந்தும்.

இலண்டனில் வாழும் நுவரெலியாக்காரர்

இங்கே நடந்ததோடு ஒப்பிட்டால் ஹட்டன் டொக்டரின் வாதம் இன்னும் தெளிவாகும் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் 2020 மார்ச் 25 ஆம் திகதி வழக்கமான பல் சிகிச்சைகளை நிறுத்தச் சொன்னார்கள், யூன் 8 ஆம் திகதி மீண்டும் திறக்க அனுமதித்தார்கள். ஆனால் தேசிய சுகாதாரச் சேவையுடன் ஒப்பந்தம் வைத்திருந்த நிலையங்களுக்கு வருட ஒப்பந்தத் தொகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு மாதாமாதம் தொடர்ந்து கொடுக்கப்பட்டது. தனியாகக் கட்டணம் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரே வீதியில், ஒரே மாதிரியான கதிரையை வைத்திருந்த இரண்டு பேரில் ஒருவர் நிமிர்ந்து நின்றார், மற்றவர் கடனில் இறங்கினார்.

அமெரிக்காவில் பெரும்பாலானவை தனியார் நிலையங்கள். மார்ச் மாதக் கடைசியில் அங்குள்ள பல் மருத்துவச் சங்கம் எடுத்த கணக்கெடுப்பில் 76 வீதமானவை அவசர நோயாளிகளை மட்டும் பார்த்தன, 19 வீதமானவை முற்றாக மூடியிருந்தன. ஏப்ரல் ஒரே மாதத்தில் பல் மருத்துவ நிலையங்களில் 503,000 வேலைகள் இல்லாமற்போனதாக அந்த நாட்டுத் தொழிற்புள்ளிவிபரம் காட்டியது. சுகாதாரத்துறையில் வேலையிழந்தவர்களில் மிகப் பெரிய பகுதியினர் அவர்கள்தான். ஆனால் அங்கே ஊழியர் சம்பளத்துக்கென்று அரசு கொடுத்த, நிபந்தனைகளுடன் தள்ளுபடியாகும் கடனும் இருந்தது. வேலைகளில் பெரும்பகுதி சில மாதங்களில் திரும்பியது. நாவலப்பிட்டித் தங்கை எழுதியதைப் படித்தபோது அந்த வித்தியாசம்தான் மனதில் பட்டது. நோய் எல்லா நாட்டிலும் ஒன்றாக இருந்தாலும், பணம் எந்த வழியால் வருகிறது என்பதே யார் தப்புவார் என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

பதுளை அரச பல் வைத்தியர்

அரச சேவையில் இருப்பவன் என்ற வகையில், எங்கள் சம்பளம் ஒரு மாதமும் நிற்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மாலையில் தனியாகப் பார்த்தவர்களுக்கு அந்த வருமானம் நின்றது. ஆனாலும் அது அடுப்பை அணைக்கும் இழப்பல்ல. இலண்டன் நண்பர் சொன்ன அதே பிரிவு இங்கும் இருந்தது.

எங்கள் பக்கத்து இழப்பு வேறு வகையானது, அது பணமாக இன்னும் வெளியே வந்து முடியவில்லை. பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் பாடசாலை வளவுகளில் உள்ள சிறிய அறைகளில் பிள்ளைகளின் பற்களைப் பார்த்து, சொத்தையைச் சிறியதாக இருக்கும்போதே அடைத்துவிடுவார்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறந்து மீண்டும் மூடி, 2021 ஒக்டோபர் 21 ஆம் திகதிதான் 200 பேருக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகள் திறக்கப்பட்டன. நிரந்தரக் கடைவாய்ப் பல் முதன்முதலில் முளைப்பது ஏறத்தாழ ஆறு வயதில். 2020 இல் ஆறு வயதாக இருந்த பிள்ளைக்கு அந்தப் பல்லைப் பார்க்க வேண்டியவர் பார்க்கவே இல்லை. எட்டு வயதில் வந்தபோது அடைப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பால்பல் என்று எண்ணிப் பெற்றோர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அது இனி முளைக்காத பல் என்று சொல்லும்போது அந்தத் தாய்மாரின் முகத்தைப் பார்ப்பது கடினம். பல்கலைக்கழகம் மூடப்பட்டதால் பேராதனையில் மாணவர்கள் செய்யும் சிகிச்சையும் நின்றது. மலையகத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறிப் போனவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கையில் ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். தோட்டங்களில் வெற்றிலையும் புகையிலையும் எவ்வளவு வழக்கமானவை என்பது இங்குள்ள அனைவருக்கும் தெரியும். ஒரு சொத்தைப் பல்லுக்காக வாய் திறக்கிறவரின் கன்னத்தின் உட்புறத்தில், புற்றுநோயாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு கண்ணில் படுவது தற்செயல்தான், ஆனால் அந்தத் தற்செயலால்தான் பலர் ஆரம்பக் கட்டத்தில் பிடிபடுகிறார்கள். வாய் திறப்பது நின்றால் அதுவும் நிற்கும். இதன் செலவு பின்னர் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் அரசின் கணக்கிலும், கொழும்புக்கும் மலைக்கும் அலையும் குடும்பத்தின் கணக்கிலும் ஏறுகிறது. ஆகையால் தனியார் நிலையம் ஒன்று மூடப்படுவதை அந்த வைத்தியரின் நட்டமாக மட்டும் பார்க்கக் கூடாது என்பதில் நான் ஹட்டன் டொக்டருடன் உடன்படுகிறேன்.

கண்டி வங்கி ஊழியர்

கடன் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 மார்ச் மாதக் கடைசியில் மத்திய வங்கி கடன் தவணைகளைப் பிற்போட ஏற்பாடு செய்தது. 4 வீத வட்டியில் தொழில் மூலதனக் கடனும் வழங்கப்பட்டது. இரண்டும் உதவின, மறுப்பதற்கில்லை. ஆனால் பிற்போட்ட தவணை தள்ளுபடியான தவணை ஆகாது. வட்டி சேர்ந்துகொண்டே இருந்தது. மலிவு வட்டிக் கடனைப் பெற வியாபாரப் பதிவும் ஒழுங்கான கணக்கும் தேவை. கைக்காசில் நடந்த சிறிய நிலையங்களால், அதைவிடச் சிறிய லேப்களால், அவற்றைக் காட்ட முடியவில்லை. அவர்கள் நகையை அடகு வைத்தார்கள். பிறகு 2022 ஏப்ரலில் மத்திய வங்கியின் கொள்கை வட்டி வீதம் ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் உயர்ந்தபோது, மாறும் வட்டியில் கடன் வைத்திருந்தவர்களின் தவணை தாங்க முடியாத அளவுக்குப் போனது. பெருந்தொற்றின் கடனைத்தான் அவர்கள் பொருளாதார நெருக்கடியின் வட்டியில் கட்டினார்கள்.

ஹட்டன் பல் வைத்தியர்

வங்கி நண்பர் சொன்ன இடத்தில்தான் எங்களில் பலர் விழுந்தோம். பல் அடைக்கும் பொருள், மரக்கச் செய்யும் ஊசி மருந்து, வேர்ச் சிகிச்சைக்கான நுண்ணிய அரங்கள் எல்லாம் இறக்குமதி. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அதே மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. கொம்ப்ரசர் ஓடாவிட்டால் எங்கள் கருவிகளில் ஒன்றும் சுழலாது. இரண்டு வருடம் தாக்குப்பிடித்தவர்கள் அந்த மாதங்களில்தான் வெளிநாட்டுக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கினார்கள். நான் அவர்களைக் குறைகூறமாட்டேன்.

இதிலிருந்து செய்யக்கூடிய ஒன்றை முன்வைக்கிறேன். கைக் கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து கிளாஸ் அயனோமர் என்ற பொருளால் அடைக்கும் முறை ஒன்று உண்டு. அதற்கு மின்சாரம் தேவையில்லை, நுண்துளி எழும்புவதில்லை, பெரும்பாலும் ஊசியும் வேண்டியதில்லை. தொற்றுக் காலத்தில் நான் அதிகமாகச் செய்தது இதைத்தான். ஒரு பாடசாலை மேசையில் பிள்ளையைப் படுக்கவைத்தும் செய்யலாம். அரசிடம் ஆட்பலம் குறைந்த பிரதேசங்களில், தனியார் பல் வைத்தியர்கள் வாரத்தில் ஒரு நாள் தோட்டப் பாடசாலைக்குப் போய் ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் கடைவாய்ப் பற்களை அடைக்க, பிள்ளைக்கு இவ்வளவு என்று மாகாண சுகாதாரத் திணைக்களம் கட்டணம் கொடுக்கட்டும். எங்களுக்கு அது தொற்று வந்தாலும் முற்றாக நிற்காத ஒரு வருமானம். பிள்ளைக்கு அது ஒரு பல்.

பதுளை அரச பல் வைத்தியர்

சிகிச்சை முறை பற்றி மறுப்பில்லை. பணம் கொடுக்கும் முறையில் எனக்குத் தயக்கம் உண்டு. அதே பணத்தில் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்களைக் கூடுதலாகப் பயிற்றி நியமித்தால் அவர்கள் முப்பது வருடம் அங்கேயே இருப்பார்கள்; தனியார் வைத்தியர் கதிரை நிரம்பியதும் வருவதை நிறுத்திவிடக்கூடும். ஆனால் நியமனம் வரும்வரை அந்தப் பற்கள் காத்திருக்கமாட்டா என்பதையும் அறிவேன். இடைக்கால ஏற்பாடாக, வருட எல்லையுடன் என்றால் என்னால் ஆதரிக்க முடியும்.

கம்பளை பல் தொழில்நுட்பவியலாளர்

இத்தகைய ஏற்பாடு வருமானால், அந்தப் பிள்ளைகளின் பாட்டன், பாட்டிமாரின் பல் செட்டையும் யோசியுங்கள். முற்பணமாக மூலப்பொருளின் விலையை மட்டும் வாங்கி, மீதியைச் சம்பள நாட்களில் வாங்குவதற்கு நான் இப்போதே இரண்டு வைத்தியர்களுடன் இணங்கியிருக்கிறேன். பணம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. தோட்டத்து ஆட்கள் தவணை தவறவிடுவார்கள் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை.

தலவாக்கலை ஆசிரியை

எங்கள் பாடசாலையில் ஒரு வகுப்பறையைச் சனிக்கிழமைகளில் ஒதுக்கித் தர அதிபரிடம் பேசுகிறேன்; பெற்றோர் கூட்டத்தில் கைச்சாத்து வாங்குவதும் என் பொறுப்பு. இரண்டு விடயங்களைக் கேட்கிறேன். முதலாவது, நிலையங்களில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் எவ்வளவு, பாதுகாப்புச் செலவு அதில் எவ்வளவு என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பஸ் ஏறும் முன்பே தெரிந்தால் சனம் வரும், கதிரையிலிருந்து எழுந்த பிறகு தெரிந்தால் திரும்ப வராது. இரண்டாவது, தோட்டச் சம்பளம் கிடைக்கும் மாதம் 10 ஆம் திகதியை ஒட்டிய வாரத்தில் ஒரு நாளாவது மாலை ஏழு மணிவரை திறந்து வையுங்கள். கொழுந்து நிறுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கி, குளித்து, பஸ் பிடித்து நகரத்துக்கு வரும்போது ஆறு மணி ஆகிவிடுகிறது. கையில் காசு இருக்கும் அந்த ஒரு வாரத்தில் உங்கள் கதவு ஐந்து மணிக்கு மூடியிருந்தால், அந்தப் பல் அடுத்த மாதம் வரை தாங்காது, காசும் தாங்காது.

ஹட்டன் பல் வைத்தியர்

விலைப்பட்டியலை இந்த வாரமே ஒட்டிவிடுகிறேன், டீச்சர். 10 ஆம் திகதிக்குப் பிந்திய வெள்ளிக்கிழமைகளில் ஏழு மணிவரை திறந்திருப்பேன். உதவியாளருக்கு அந்த மேலதிக நேரத்துக்குத் தனியாகச் சம்பளம் போட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அதிபரின் பதில் கிடைத்ததும் பாடசாலையின் பிள்ளைகள் தொகையை வகுப்பு வாரியாக இங்கேயே எழுதுங்கள். எவ்வளவு கிளாஸ் அயனோமர் வேண்டும் என்று கணக்குப் போட்டு, பதுளை டொக்டருடன் சேர்ந்து மாகாணத் திணைக்களத்துக்கான கடிதத்தை வரைந்து இதே இழையில் இடுகிறேன்.